சாத்தூர் ரத்தம்: நேட் டெஸ்ட் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமா? சட்டம் கோட்டை விட்டது எங்கே?

ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவில் தலசீமியா பாதித்த 5 குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்று. அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தம்தான் காரணமா என்று விசாரணை. 2025 அக்டோபரில் இந்தச் செய்தி வெளியானபோது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே இன்னொரு ஊர் ஞாபகம் வந்திருக்கும். சாத்தூர்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. இந்தியாவையே உலுக்கிய சம்பவம் அது. பல வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் விவாதம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: "நேட் டெஸ்ட்டைக் கட்டாயமாக்குங்க."

கோரிக்கையில் தப்பில்லை. ஆனால் சாத்தூரில் நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், அங்கே கோட்டை விட்டது விலை உயர்ந்த எந்திரம் இல்லாததால் அல்ல என்பது தெரியும். ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு தகவல், அவரிடம் போய்ச் சேரவே இல்லை. சட்டத்தில் அதற்கான ஓட்டை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் பாதிக்கப்பட்ட பெண், ரத்தம் கொடுத்த இளைஞர் இருவரின் பெயரும் ஊரும் இருக்காது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அன்று நடந்தது என்ன?

2018 நவம்பர் 30. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 19 வயது இளைஞர் ஒருவர் ரத்தம் கொடுக்கிறார். உறவுக்காரப் பெண்ணின் சிகிச்சைக்காக வந்தவர். அவர் கொடுத்த ரத்தம் அந்த உறவினருக்குப் பயன்படாமல், சாத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகிறது. டிசம்பர் 3-ம் தேதி, ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு அது ஏற்றப்படுகிறது.

இதற்கிடையே அந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறார். அதற்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி இருப்பது தெரிகிறது. பதறிப்போய் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொல்கிறார். "நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க" என்பதுதான் அவர் சொல்ல வந்ததன் சாரம். ஆனால் அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பரிசோதனை செய்தபோது தொற்று உறுதியானது.

டிசம்பர் கடைசி வாரம் விஷயம் வெடித்தது. ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தாமாக முன்வந்து தமிழ்நாடு அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த அமளிக்கு நடுவே, ரத்தம் கொடுத்த இளைஞர் தற்கொலைக்கு முயன்றார். டிசம்பர் 30 அன்று மதுரையில் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.

2019 ஜனவரி 17 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நடந்த முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. இந்தக் கதையில் கிடைத்த ஒரே ஆறுதல் அது. தாய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை, பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்து என்று சரியாகக் கொடுத்தால், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவதைப் பெருமளவு தடுக்கலாம். அந்த அளவுக்கு மருத்துவம் வளர்ந்திருக்கிறது.

2016-ல் நடந்த ஒன்று

இந்த விவகாரத்தில் பலர் மறந்துபோன ஒரு தகவல் இருக்கிறது. அந்த இளைஞர் 2016-லேயே ஒருமுறை ரத்த தானம் செய்திருந்தார். அந்த ரத்தத்தில் எச்ஐவி இருப்பது அப்போதே பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் அந்த முடிவு அவருக்குப் போய்ச் சேரவில்லை. 2018-ல் அதிகாரிகள் தரப்பிலேயே சொல்லப்பட்ட விஷயம் இது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இரண்டு வருஷமாகத் தன் உடம்பில் தொற்று இருப்பது அவருக்குத் தெரியாது. அரசு ஆவணம் ஒன்றுக்கு மட்டும் தெரியும். சிகிச்சை கிடைக்கவில்லை, ஆலோசனை கிடைக்கவில்லை. எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அந்த நிலையில், சொந்தக்காரர் ஒருவருக்கு ரத்தம் வேண்டும் என்றதும் ஓடி வந்து கையை நீட்டுகிறார்.

நேட் டெஸ்ட் பற்றிய விவாதத்தை இந்த ஒரு தகவல் அடியோடு மாற்றிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

நேட் என்றால் என்ன? அது இருந்திருந்தால்?

எச்ஐவி உடம்புக்குள் நுழைந்த உடனே எல்லா டெஸ்ட்டிலும் தெரியாது. வழக்கமான எலிசா பரிசோதனை, வைரஸை எதிர்க்க நம் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் ஒருவர் ரத்தம் கொடுத்தால், தொற்று இருந்தும் 'நெகட்டிவ்' என்றே வரும். இதைத்தான் 'விண்டோ பீரியட்' என்கிறார்கள். நேட் பரிசோதனை வைரஸின் மரபணுப் பொருளையே நேரடியாகத் தேடும். அதனால் அந்த இடைவெளி சுமார் பத்து நாளாகக் குறையும். கவனிக்க: குறையும், பூஜ்ஜியம் ஆகாது.

இந்தியாவில் ரத்த வங்கிகள் 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆமாம், சட்டத்தின் பார்வையில் ரத்தம் ஒரு மருந்து. அந்த விதிகளின்படி ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்து தொற்றுகளுக்குப் பரிசோதனை கட்டாயம்: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. எச்ஐவி பரிசோதனை 1989-லேயே கட்டாயமாகிவிட்டது. நேட் இன்னும் நாடு முழுக்கக் கட்டாயம் ஆகவில்லை. ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவும், தேவைப்படும் ஆய்வக வசதியும் பெரிய தடைகள்.

இப்போது 2016-க்குத் திரும்புவோம். 2016-லேயே தொற்று தெரிந்த ஒருவர் 2018-ல் ரத்தம் கொடுக்கும்போது விண்டோ பீரியட் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் உடம்பில் எதிர்ப்பொருள் நிச்சயம் இருந்திருக்கும். 1989 முதல் கட்டாயமாக உள்ள அதே பழைய பரிசோதனையை ஒழுங்காகச் செய்திருந்தாலே பிடிபட்டிருக்கும். சாத்தூர் சம்பவத்தைத் தடுக்க நேட் தேவைப்பட்டிருக்காது. இரண்டில் ஒன்று நடந்திருந்தால் போதும். 2018-ல் எலிசா சரியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். அல்லது 2016-ல் அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

முதல் தவறுக்குத் தண்டனை, நடவடிக்கை எல்லாம் வந்தது. இரண்டாவது தவறைப் பற்றித்தான் அதிகம் பேச்சே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் எச்ஐவிக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. அதாவது சாத்தூர் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்புதான்.

உண்மையில் நல்ல சட்டம் அது. சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை தர வேண்டும். ஒருவருக்குத் தொற்று இருப்பதை நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்டவர்கள், அவர் சம்மதம் இல்லாமல் மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதையும் மறுக்கக் கூடாது. வழக்கு நடத்தினால் அடையாளத்தை மறைத்து நடத்தும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். நாம் பெயர்களைத் தவிர்த்ததற்கு இந்தச் சட்டத்தின் உணர்வுதான் காரணம்.

ரத்த வங்கி விஷயத்துக்கு வருவோம். சட்டத்தின் 6-வது பிரிவு, சம்மதம் தேவைப்படாத சில சூழல்களைப் பட்டியல் போடுகிறது. உரிமம் பெற்ற ரத்த வங்கியில் நடக்கும் பரிசோதனை அதில் ஒன்று. நியாயம்தான். ரத்தம் கொடுக்க வந்தவரிடம் "டெஸ்ட் பண்ணலாமா வேண்டாமா" என்று விருப்பம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அது வேறொருவர் உடம்புக்குள் போகப்போகிற ரத்தம்.

ஆனால் அதே பிரிவில், சிகிச்சைக்காக ரத்தமோ உடல் உறுப்போ கொடுப்பவரைப் பற்றி ஒரு வரி வருகிறது. கொடுப்பவர் முன்கூட்டியே 'எனக்கு முடிவு வேண்டும்' என்று கேட்டால், அவரை ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்துக்கு அனுப்ப வேண்டும்; அங்கே ஆலோசனை பெற்ற பிறகே முடிவைப் பெறலாம். தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று அரசு மருத்துவமனைகளில் போர்டு பார்த்திருப்பீங்களே, அந்த மையம்தான்.

அந்த 'கேட்டால்' என்ற சொல்லில்தான் சிக்கல். கேட்காதவர் கதி?

ரத்தம் கொடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் "என் ரிசல்ட்டை எனக்குச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள்? ஜூஸும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, சர்ட்டிஃபிகேட்டைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். எதுவும் தகவல் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். முகாமில் ரத்தம் கொடுத்த 17, 18 வயசுப் பையனும் அப்படித்தானே நினைத்திருப்பான்?

தொற்று தெரியவந்தால் கொடையாளரைக் கூப்பிட்டு, ரகசியமாக நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. 2002-ம் ஆண்டின் தேசிய ரத்தக் கொள்கைக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். ரத்த வங்கியில் நடக்கும் எச்ஐவி பரிசோதனையை ஆளோடு தொடர்புபடுத்தாமல் வைப்பதுதான் அப்போதைய நடைமுறை. பையைத் தூக்கிப் போடுவார்கள், ஆளிடம் சொல்ல மாட்டார்கள். கொள்கை மாறிவிட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டக் கடமை வேறு. போன் எடுக்கவில்லை, முகவரி சரியில்லை, ஆள் ஊரில் இல்லை என்று ஒரு பதிவேட்டில் எழுதி மூடிவிட்டால் அடுத்து யார் பொறுப்பு என்பதற்கு அந்தச் சட்டப் பிரிவில் பதில் இல்லை.

2016 என்பது ஜியோ வந்து ஊர்ப்பட்ட பேர் புது சிம் வாங்கிய வருஷம் என்பதையும் சும்மா நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முகாம் படிவத்தில் எழுதும் ஒரு செல்போன் நம்பரை மட்டும் நம்பி நடக்கிற ஏற்பாடு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?

சட்டம் தடுத்த டெஸ்ட் சொன்னது, சட்டம் விதித்த டெஸ்ட் சொல்லாதது

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். அதைப் பாகுபாடு என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு அந்தந்த நாட்டு விதிதான். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் மெடிக்கல் 'ஃபிட்' ஆனால்தான் விசா என்பது தென் மாவட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கடைசியில் அந்த இளைஞருக்கு உண்மையைச் சொன்னது எது? வெளிநாட்டு வேலைக்கான அந்த மெடிக்கல்தான். நம் சட்டம் கட்டாயமாக்கிய ரத்த வங்கிப் பரிசோதனை அவரிடம் எதையும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது ஒருபக்கம், ஊருக்கே சொன்னது மறுபக்கம்

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் நம் சென்னையில்தான் தொடங்கியது. 1995-ல் நாகாலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னை தனியார் மருத்துவமனைக்கு வருகிறார். நோயாளியின் அறுவை சிகிச்சைக்காக இவரிடம் ரத்தம் எடுக்கிறார்கள். எச்ஐவி என்று தெரிகிறது. விஷயம் வெளியே கசிந்து, அவருக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோகிறது. ஊர் ஒதுக்குகிறது. ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார்.

1998-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிரைக் காக்கும் உரிமை பெரிது என்பது அதன் வாதம். அதோடு நிற்காமல், தொற்று இருப்பவரின் திருமண உரிமையையே நிறுத்திவைப்பது போலவும் சொல்லிவிட்டது. கடும் விமர்சனம் எழுந்த பிறகு, அந்தத் திருமணம் பற்றிய கருத்துகள் தேவையற்றவை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சட்டப் புத்தகங்களில் 'எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' என்று வரும் வழக்கு இது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் அடுத்தவருக்காக ரத்தம் கொடுத்தவர்கள். ஒருவரின் ரகசியம் ஊருக்குத் தெரிந்தது. இன்னொருவரின் ரகசியம் அவருக்கே தெரியவில்லை. சாத்தூர் விவகாரம் பெரிதான பிறகு, அந்த இளைஞரின் நிலையும் ஊரறிந்த விஷயமாகிவிட்டது. ரகசியம் காப்பது என்றால் மூடி மறைப்பது இல்லை. உரியவரிடம் மட்டும், உரிய முறையில் சொல்வது.

பொதுவாக இந்த விவாதத்தைக் 'கொடையாளரின் தனியுரிமையா, நோயாளியின் பாதுகாப்பா' என்று இரண்டு அணியாகப் பிரித்துப் பேசுவார்கள். சாத்தூரில் அப்படிப் பிரிக்கவே முடியாது. 2016-ல் அந்தப் பையனின் தெரிந்துகொள்ளும் உரிமையை மதித்திருந்தால், 2018-ல் அந்தப் பெண்ணின் உயிருரிமையும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

சிவகாசி வட்டாரத்துக்கு இது ஏன் பெரிய விஷயம்?

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் பகுதி இது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று வட்டாரமே ஒவ்வொரு வெடி விபத்தின்போதும் ஆம்புலன்ஸ் சத்தத்தில் உறைந்துபோகும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 பேர் பலி. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலி. காயம்பட்டவர்கள் முதலில் வந்து சேரும் இடம் அரசு மருத்துவமனைதான். ஒரு விபத்து என்றால் ரத்தம் கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நிற்பதும் இந்த ஊரின் பழக்கம்.

ஆனால் விபத்துச் செய்தியாக வராத தேவை வேறு ஒன்று உண்டு. பிரசவம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தினக்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் ஓடுகிற வீடுகளில் கர்ப்பிணிக்குச் சத்தான சாப்பாடு, ஓய்வு எல்லாம் எவ்வளவு சாத்தியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தால் ரத்தம் ஏற்றச் சொல்வார்கள். தனியாருக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைதான் ஒரே கதவு. "இந்த ரத்தம் வேண்டாம், வேற பாருங்க" என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி ஏது?

இன்னொரு நடைமுறையும் புரிய வேண்டும். சின்ன மருத்துவமனைகள் பலவற்றில் இருப்பது ரத்த வங்கி இல்லை, ரத்த சேமிப்பு மையம். பெரிய ரத்த வங்கியில் இருந்து பரிசோதித்த ரத்தம் வரும். இங்கே குளிர்பதனத்தில் வைத்து, நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து ஏற்றுவார்கள். எச்ஐவி பரிசோதனையை மறுபடி செய்ய மாட்டார்கள். பையில் ஒட்டிய லேபிளை நம்பித்தான் எல்லாம் நடக்கும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம்ம ஊர்ப் பழமொழி. ரத்த தானத்தில் மட்டும் அது தலைகீழ். பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டிய ஒரே தானம் இதுதான்.

உறவுக்காக ரத்தம்: அதிலும் ஒரு ஆபத்து

அந்த இளைஞர் கொடுத்தது உறவினருக்காக. "ஆள் கூட்டிட்டு வாங்க, அப்பத்தான் பிளட் தருவோம்" என்று மருத்துவமனைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதற்குப் பெயர் மாற்றுக் கொடை.

காசுக்கு ரத்தம் விற்பதை ஒழிக்க வேண்டும், உரிமம் இல்லாத ரத்த வங்கிகளை மூட வேண்டும் என்று 1996-ல் 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதற்குத் தடை. அது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அந்த இடத்தை முழுக்கத் தன்னார்வக் கொடை நிரப்பவில்லை. பாதியை உறவுக்காரர்களின் தலையில் கட்டினோம்.

உறவினர் ஆபத்தில் இருக்கும்போது, சித்தப்பாவும் மாமாவும் சுற்றி நிற்க, படிவத்தில் இருக்கும் அந்தரங்கக் கேள்விகளுக்கு 19 வயதுப் பையன் எப்படி உண்மையாகப் பதில் எழுதுவான்? தன்னிடம் ஏதோ ஆபத்து இருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒருவர்கூட, மறுத்தால் "ஏன்?" என்ற கேள்வி வருமே என்று பயந்தே ரத்தம் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. தானாக விரும்பி, யாருடைய கட்டாயமும் இல்லாமல், தொடர்ந்து கொடுப்பவர்களின் ரத்தமே பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் இன்னொரு உரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. 2017-ல் வந்த கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல்கள், திருநர்கள், தன்பாலின உறவு கொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரை நிரந்தரமாக ரத்தம் கொடுக்கத் தடுக்கின்றன. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், அவர் யார் என்று பார்த்துத் தடுப்பது சரியா என்று 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. சாத்தூரில் நடந்ததை வைத்துப் பார்த்தால், ஆட்களைக் கூட்டம் கூட்டமாக விலக்கிவைப்பதால் மட்டும் ரத்தம் பாதுகாப்பாகிவிடாது என்பதே நம் கணிப்பு. கையில் இருக்கும் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்ளோதான்.

நஷ்ட ஈடு: 25 லட்சமா, ஒன்றரைக் கோடியா?

சாத்தூர் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஜூலையில் நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு, வீடு, அரசு வேலை வழங்க உத்தரவிட்டது.

நான்கு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைத் தந்தது. 2002-ல் எல்லையில் படைகள் குவிக்கப்பட்டிருந்தபோது, ஜம்மு பகுதியில் சாம்பா ராணுவ மருத்துவமனையில் விமானப்படை வீரர் ஒருவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது. 2014-ல்தான் தனக்கு எச்ஐவி இருப்பதே அவருக்குத் தெரிந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு அதை மாற்றி, 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

ஒரே தவறு, இரண்டு தொகை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? விமானப்படை வீரர் போனது நுகர்வோர் சட்ட வழியில். அவர் இழந்த சம்பளம், எதிர்காலச் சிகிச்சை, மன உளைச்சல் எல்லாம் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டன. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கட்டாததால் நோயாளி 'நுகர்வோர்' இல்லை! அதனால் சாத்தூர் பெண் போன்றவர்களுக்கு இருக்கும் வழி, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சொல்லி உயர் நீதிமன்றம் போவது. அங்கே தொகையை முடிவு செய்ய நிலையான கணக்குமுறை எதுவும் இல்லை. மனித உரிமை ஆணையமோ பரிந்துரைதான் செய்ய முடியும்.

கூலி வேலை செய்கிறவரின் 'இழந்த வருமானம்' எப்போதும் சின்னத் தொகையாகத்தான் வரும் என்பதும் கசப்பான உண்மை. சாத்தூர் செய்தியில் அடிபட்டது. அடிபடாத ஊர்களின் நிலை? 2014 அக்டோபரில் இருந்து 2016 மார்ச் வரை, ரத்தம் ஏற்றிக்கொண்டதால் எச்ஐவி வந்ததாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 2,234 பேர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தந்த எண் இது. பாதிக்கப்பட்டவர்களே சொன்னதை வைத்து எடுத்த கணக்கு என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவர்களில் எத்தனை பேர் நீதிமன்றப் படியேறியிருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் உறுத்துகிறது.

பிரிட்டனிலும் இப்படி ஒரு பெரிய அநியாயம் நடந்தது. 1970-களிலும் 80-களிலும் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றுள்ள ரத்தமும் ரத்தப் பொருட்களும் கொடுக்கப்பட்டு, சுமார் 3,000 பேர் இறந்தார்கள். பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே 20 அன்று அறிக்கை தந்தது. அதிலும் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு, தொற்று இருப்பது தெரிந்தும் பலரிடம் சொல்லவில்லை என்பது. அங்கே நாட்டின் பிரதமரே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ரத்தம் கொடுக்கப் போனால், படிவத்திலேயே 'என் பரிசோதனை முடிவு எனக்குத் தெரிய வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். சட்டம் 'கேட்டால்' என்கிறது, அதனால் கேட்டுவிடுவதே நல்லது. நிரந்தரமாக இருக்கும் செல்போன் எண்ணைக் கொடுங்கள். எதையாவது மறைக்க வேண்டிய நிலை இருந்தால், உறவினர்கள் இல்லாமல் தனியாக மருத்துவரிடம் பேசக் கேட்கலாம்.

வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றினால், பையில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். ரத்த வங்கியின் பெயர், உரிம எண், யூனிட் எண், எடுத்த தேதி, காலாவதி தேதி, பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. லேபிள் நிறமும் வகைக்கு ஏற்ப மாறும்: ஓ என்றால் நீலம், ஏ மஞ்சள், பி இளஞ்சிவப்பு, ஏபி வெள்ளை. யூனிட் எண்ணை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது தப்பே இல்லை. பின்னாளில் ஏதாவது பிரச்சினை என்றால் அந்த எண்தான் ஆதாரம். தொற்று ரத்தம் ஏறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் நாள் கடத்தாதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அரசு செய்ய வேண்டியது? நேட் பரிசோதனையைப் படிப்படியாகக் கொண்டுவரட்டும். ஆனால் அதற்கு முன்பு, பெரிய செலவே இல்லாத ஒரு திருத்தம் போதும். 6-வது பிரிவில் 'கேட்டால்' என்பதை எடுத்துவிட்டு, தொற்று தெரிந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடையாளரைத் தேடி, ரகசியமாக நம்பிக்கை மையத்துக்கு அழைத்து வருவது ரத்த வங்கியின் கடமை என்று எழுத வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் அடுத்து யார் தேட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தது சென்னையில்தான். இந்தத் திருத்தத்தையும் தமிழ்நாடே முதலில் கேட்கலாமே?

பாகுபாடு, ரகசியம் வெளியானது, சிகிச்சை மறுப்பு போன்ற புகார்களுக்கு 2017 சட்டத்தின் கீழ் மாநில ஆம்புட்ஸ்மனை அணுகலாம். 30 நாட்களுக்குள் உத்தரவு தர வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் தர முயல வேண்டும்.

*எச்ஐவி தொடர்பான சந்தேகங்களுக்கு இலவச உதவி எண்: 1097. மன அழுத்தம், தற்கொலை எண்ணம் இருந்தால் தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, தேசிய மனநல உதவி எண் 14416 ஆகியவற்றில் எந்த நேரமும் பேசலாம்.*